பழைய இரும்புக்காரருக்குப் போன விளக்கு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் சார், செயலாளர் மேடம், முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நீங்க மூணு மாசம் இங்கிலாந்து போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க சார்" என்று செயலாளர் மேடம் கேட்டார். லண்டன் பாலம், அரண்மனை, மெழுகுச் சிலை எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். அதனால் நான் அதிகம் பேர் போகாத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மூடிப்போன செம்புச் சுரங்கங்கள். முடிவில் என் வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. அது கொஞ்சம் வெட்கப்படவேண்டிய கதை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மகள் பிளிமத் நகரத்தில் இருக்கிறாள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. அங்கிருந்து ஒரு சின்ன ரயில் டேமர் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து மேலே போகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெவன், அந்தப் பக்கம் கார்ன்வால். கால்ஸ்டாக் என்ற ஊரில் ஆற்றின் மேல் உயரமான ஒரு ரயில் பாலம். அதைக் கடக்கும்போது சன்னல் வழியாகப் பார்த்தால் பச்சை மலை, நடுநடுவே மரங்களுக்கு மேலே தலை நீட்டும் ஒற்றைப் புகைபோக்கிகள். எனக்கு முதலில் நம் ஊர்ப் பழைய அரிசி மில் ஞாபகம்தான் வந்தது. "இங்கே ஏது நெல்லு?" என்று மனைவியிடம் கேட்டேன். "செம்பு எடுத்த இடம்ப்பா" என்றாள் மகள்.

அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் மூன்று மாடி உயரத்துக்குக் கருங்கல் கட்டடம் ஒன்று நிற்கும். கூரை இருக்காது, சன்னல் ஓட்டைகள் மட்டும் இருக்கும். முதலில் பார்ப்பவர்கள் கோட்டை என்றோ சர்ச் என்றோ நினைப்பார்கள். அதன் பெயர் எஞ்சின் வீடு. அதன் வேலை இதுதான். பூமிக்குள் தோண்டத் தோண்ட தண்ணீர் ஊறும். நம் அடித்தள பார்க்கிங்கில் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதையே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் நினைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரை இறைக்கத்தான் நீராவி எஞ்சின். பெரிய இரும்பு உத்தரம் ஒன்று ஏற்றம் மாதிரி மேலும் கீழும் ஆடும். உத்தரத்தின் ஒரு முனை கட்டடத்துக்குள் எஞ்சினோடு இணைந்திருக்கும், மறுமுனை வெளியே சுரங்கக் குழியின் மேல் இருக்கும். பல டன் எடையுள்ள அந்த உத்தரத்தை முன்பக்கச் சுவர்தான் தாங்க வேண்டும். அதனால் அந்தச் சுவரை மட்டும் மிகவும் தடிமனாகக் கட்டினார்கள். எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டார்கள், கூரை போய்விட்டது. ஆனால் ஆடும் எஞ்சினுக்காகக் கட்டிய சுவர் நூற்றைம்பது வருடமாகியும் ஆடாமல் நிற்கிறது. நம் பில்டர் இங்கே இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் பரவாயில்லை.

அந்த மாதிரி எஞ்சின் வீடுகள் அந்த வட்டாரத்தில் சுமார் இருநூறு இன்னும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துக்குக் கிடைத்த செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சின்ன வட்டாரத்திலிருந்து போனது. அவ்வளவு செம்பு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். கப்பல்களுக்கு வேண்டும். மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கடல்புழு அரித்துவிடும், பாசி பிடித்து வேகம் குறையும். அதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு போர்த்தியது. இன்னொரு பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி. அது பிரிட்டிஷ் செம்பை ஏராளமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றது. இங்கே காசு அடிக்கவும் பாத்திரம் செய்யவும் செம்பு வேண்டியிருந்தது. நம் கொள்ளுப்பாட்டி காலத்துச் செப்புக்குடம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று நாம் யோசித்ததே இல்லை.

டேமர் ஆற்றின் டெவன் பக்கத்தில் டெவன் கிரேட் கன்சோல்ஸ் என்று ஒரு சுரங்கம். 1844இல் ஒரு காட்டுக்குள் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு பவுனுக்கு ஒரு பங்கு என்று 1024 பங்குகள். சீக்கிரமே கெட்டியான செப்புத் தாது கிடைத்துவிட்டது. அடுத்த ஒரு வருடத்துக்குள் அந்த ஒரு பவுன் பங்கு 800 பவுன். நம்மில் பங்குச் சந்தை பார்ப்பவர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே வேலை நடந்தது. எடுத்த செப்புத் தாது சுமார் 7 லட்சம் டன். ஐரோப்பாவிலேயே பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

எடுத்த தாதுவை அங்கேயே உருக்கவில்லை. ஏனென்றால் ஒரு டன் தாதுவை உருக்க அதைவிட அதிகமான நிலக்கரி வேண்டும். கார்ன்வாலிலும் டெவனிலும் நிலக்கரி கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸில் ஸ்வான்சி நகரத்தில் நிலக்கரி உண்டு. அதனால் தாது கப்பலேறி ஸ்வான்சி போகும். அதே கப்பல் திரும்பும்போது எஞ்சின்களுக்கு நிலக்கரி கொண்டுவரும். இரண்டு பக்கமும் லோடு. லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

அந்தக் கப்பல்கள் நின்ற ஆற்றுத் துறைமுகம் மோர்வெல்லம். நாங்கள் ஒருநாள் முழுக்க அங்கே இருந்தோம். டாவிஸ்டாக் என்ற ஊரிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். நடுவில் மலை. மலையைச் சுற்றிப் போகாமல் இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து படகு விட்டார்கள். 1803இல் ஆரம்பித்து 1817இல் முடித்தார்கள். கால்வாய் முடியும் இடம் ஆற்றிலிருந்து 70 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சரிவுப் பாதையில் வண்டிகளைக் கயிறு கட்டி இறக்குவார்களாம். அந்த வேலையை முன்நின்று செய்த பொறியாளர் பெயர் ஜான் டெய்லர். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவார்.

1859இல் டாவிஸ்டாக்குக்கு ரயில் வந்தது. துறைமுகம் தூங்கிப்போனது. இன்று அது திறந்தவெளி அருங்காட்சியகம். தொழிலாளர் குடிசைகள், பள்ளிக்கூடம், தாது கொட்டிவைத்த கல்தளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சின்ன ரயிலில் உட்கார வைத்துப் பழைய செம்புச் சுரங்கம் ஒன்றுக்குள் கூட்டிப்போகிறார்கள். உள்ளே ஓரிடத்தில் விளக்கை அணைத்துக் காட்டினார்கள். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் அந்த இருட்டுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அந்த இருட்டில்தான் மனிதர்கள் வேலை செய்தார்கள். தொப்பியில் களிமண் உருண்டை ஒட்டி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்குவார்கள். வேலை முடிந்ததும் அதே ஏணியில் ஏற வேண்டும். கூலியிலும் ஒரு வினோதம். குறிப்பிட்ட நாளில் சுரங்க அதிகாரி ஒவ்வொரு பாறைப் பகுதியாக ஏலம் விடுவார். "இந்த இடத்தில் எடுக்கும் தாதுவின் மதிப்பில் எனக்கு இவ்வளவு பங்கு போதும்" என்று தொழிலாளர் குழுக்கள் கேட்கும். யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். நல்ல தாது கிடைத்தால் கையில் காசு. வெறும் பாறையாக இருந்தால் மெழுகுவர்த்திக்கும் வெடிமருந்துக்கும் பட்ட கடன்தான் மிச்சம். குத்தகை விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

பெண்கள் மேலே வேலை செய்தார்கள். வெள்ளைத் துணியால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, சுத்தியலால் தாதுவை உடைத்துத் தரம் பிரிப்பது அவர்கள் வேலை. சிறுமிகளும் அதில் உண்டு. செம்பு குறைந்த பிறகு அதே பாறையிலிருந்து ஆர்செனிக் எடுத்தார்கள். பாஷாணம்தான். தாதுவைச் சூளையில் வறுத்து, புகையை நீளமான வளைவுச் சுரங்கங்களில் விட்டால் சுவரில் வெள்ளைப் பொடியாகப் படியும். உள்ளே போய் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூக்குத் துவாரத்தில் பஞ்சு, வாயில் துணி, தோலில் களிமண் பூச்சு. அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்த வெள்ளைப் பொடி பூச்சிமருந்தாகவும், சாயமாகவும், கண்ணாடித் தொழிலுக்கும் உலகம் பூராவும் போனது. இன்றும் டெவன் கிரேட் கன்சோல்ஸ் கழிவு மேடுகளில் பல இடங்களில் புல் முளைக்கவில்லை. நடைபாதை போட்டிருக்கிறார்கள், சைக்கிள் விடலாம், ஆனால் பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகை இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாரம்பரியம் என்றவுடன் நாம் அழகான கோபுரத்தை நினைக்கிறோம். அங்கே அவர்கள் பாதுகாத்து வைத்திருப்பது அழுக்கான, ஆபத்தான, பல உயிர்களைக் கொண்டுபோன இடங்களை. பொட்டாலக் என்ற இடத்தில் கடல் பாறையின் சரிவில், அலை அடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு எஞ்சின் வீடுகள் நிற்கின்றன. அவ்வளவு அழகு. எல்லா நாட்காட்டியிலும் அந்தப் படம் இருக்கும். அங்கே சுரங்கம் கடலுக்கு அடியில் போகிறது. 1863இல் அங்கே சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். பக்கத்திலேயே லெவான்ட் சுரங்கம். ஆட்கள் ஏறி இறங்க அங்கே ஓர் இயந்திரம் இருந்தது. 1919 அக்டோபர் மாதம் ஆட்கள் மேலே வந்துகொண்டிருந்தபோது அது உடைந்து 31 பேர் இறந்தார்கள்.

1860களில் செம்பு விலை விழுந்தது. வேறு நாடுகளில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. 1866இல் லண்டனில் பெரிய நிதி நிறுவனம் ஒன்று கவிழ்ந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மூண்டா, அமெரிக்காவில் மிச்சிகன், தென்னாப்பிரிக்கா என்று போகாத இடமில்லை. மெக்சிகோவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அதற்கும் முன்பே போயிருந்தார்கள். சுரங்கத்துக்குள் சாப்பிட எடுத்துப்போகும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டி என்ற பெரிய சோமாசி, இன்றைக்கும் மெக்சிகோவில் பச்சூகா பக்கம் பாஸ்தே என்ற பெயரில் விற்கிறது. மிளகாய் மட்டும் சேர்ந்துவிட்டது. உலகத்தில் எங்கே ஒரு குழி தோண்டினாலும் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குழி நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோலார் தங்கவயல்.

ஜான் டெய்லர் பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? கால்வாய் வெட்டியவர். அவர் குடும்பம் நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880இல் கோலார் தங்கவயலுக்கு வந்தது. டேமர் பள்ளத்தாக்கில் செம்பு எடுக்கக் கற்ற வித்தை கோலாரில் தங்கம் எடுக்க வந்து சேர்ந்தது. கார்ன்வாலிலிருந்து அனுபவமுள்ள சுரங்கக்காரர்கள் வந்தார்கள். பாறை உடைக்க, வண்டி தள்ள, வடஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து நம் ஆட்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஊரில் நிலமும் மரியாதையும் இல்லாமல் இருந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். இன்று போனால் சயனைடு கழிவு மேடுகள் வெள்ளை மலையாக நிற்கும். லைன் வீடுகளில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள். தினமும் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

என் தாத்தா குடியாத்தத்திலிருந்து நடந்தும் ரயிலிலும் அங்கே போனவர். என் அப்பா பிறந்தது லைன் வீட்டில். அப்பா படித்து சர்க்கார் வேலைக்கு வந்தார். யாராவது "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் "குடியாத்தம்" என்பார். கோலார் என்ற பேச்சே எடுக்க மாட்டார். தாத்தா நிலத்துக்கு அடியில் வேலை செய்தவர் என்பதை என் கல்யாணத்தின்போதுகூட பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பாவிடமிருந்து அந்த வெட்கத்தை நான் சொத்து மாதிரி வாங்கிக்கொண்டேன்.

தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் ஒரு பித்தளை விளக்கு, எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை, துணியில் சுற்றிய சில காகிதங்கள். பதினொரு வருடத்துக்கு முன் இந்த பிளாட்டுக்குக் குடி வந்தபோது உங்களுக்கெல்லாம் தெரிந்த பிரச்சினைதான். தனி வீட்டுச் சாமானை மூன்று அறைக்குள் அடைக்க வேண்டும். லாஃப்டில் இடமில்லை. "இதை என்ன செய்ய?" என்று மனைவி கேட்டாள். "பழைய சாமான், போட்டுடு" என்றேன். பழைய இரும்புக்காரர் தராசில் வைத்தார். பித்தளைக்கு முந்நூறு ரூபாய் போல வந்தது. தகரத்துக்குத் தனியாக ஏதோ கொடுத்தார். அந்தக் காகிதங்களை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மறுபடி இங்கிலாந்துக்கு வருகிறேன். கார்ன்வாலில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மாதிரி ஒரு விளக்கு. அதே மாதிரி ஒரு வட்ட வில்லை, நடுவில் ஓர் எண். தொழிலாளி உள்ளே போகும்போது எடுத்துப்போவார், வெளியே வந்ததும் திருப்பி மாட்டுவார். மாட்டாத வில்லை இருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம் என்று விளக்கினார்கள். என் தாத்தாவின் வில்லை எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அறுபத்தெட்டு வயதில், ஐயாயிரம் மைலுக்கு அப்பால். மகள் "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

மறுநாள் லெவான்ட் போனோம். அந்தச் சுரங்கம் 1930இல் மூடியது. சுரங்கத்திலிருந்து தாது தூக்கிய பழைய நீராவி எஞ்சின் மட்டும் அங்கே இருந்தது. அதுவும் பழைய இரும்பு விலைக்குப் போக இருந்தது. 1935இல் சிலர் ஒன்று சேர்ந்து, பணம் திரட்டி, அதைப் போகவிடாமல் நிறுத்தினார்கள். பிறகும் அது பல வருடம் துருப்பிடித்துக் கிடந்தது. 1980களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் மற்றவர்களுமாகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பாகம் பாகமாகச் சுத்தம் செய்து, 1990களின் தொடக்கத்தில் மறுபடி நீராவியில் ஓடவிட்டார்கள். நாங்கள் போனபோதும் ஓடியது. மெதுவாக, மூச்சு வாங்குகிற மாதிரி. பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும்.

2006இல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பத்து பகுதிகள், கிட்டத்தட்ட இருபதாயிரம் ஹெக்டேர். அதற்காக எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஹேல் என்ற பழைய துறைமுகத்தில் பெரிய கடை ஒன்று கட்டக் கூடாது என்று யுனெஸ்கோ குழுவே கேட்டுக்கொண்டது. ஊரில் வேலை வேண்டும், கடை வேண்டும் என்று ஒரு தரப்பு. கடை வந்தேவிட்டது. திறந்து கிடக்கும் குழிகளை மூட வேண்டும், அதே நேரம் உள்ளே வாழும் வௌவால்கள் போய்வர வழியும் வேண்டும் என்று கம்பி வலை போடுகிறார்கள். செலவு, சண்டை, கூட்டம், தீர்மானம். நம் பொதுக்குழு மாதிரிதான். ஆனாலும் செய்கிறார்கள்.

கோலாரில் அதைச் செய்ய வேண்டியது அரசாங்கம், நம் கையில் இல்லை என்று நாம் சொல்லலாம். பாதி உண்மைதான். ஆனால் லெவான்ட் எஞ்சினை 1935இல் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை. என் தாத்தாவின் விளக்கை விற்றதும் அரசாங்கம் இல்லை.

அதனால் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நம் நான்கு பிளாக்கிலும் எத்தனை தொழில்கள் பார்த்த குடும்பங்கள் இருக்கின்றன! மில்லில் நூல் நூற்றவர், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர், தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், அச்சுக் கோத்தவர், உப்பளத்தில் நின்றவர் என்று உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது இருந்திருப்பார்கள். நூலக அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம். யார், எந்த ஊர், என்ன வேலை, எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பார்கள், கூலி எப்படி வரும், உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். பழைய கருவி, அடையாள அட்டை, போட்டோ ஏதாவது இருந்தால், லாஃப்டில் இடமில்லை என்று வெளியே போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நூலக அறையில் ஓர் அலமாரி காலியாக இருக்கிறது என்று தலைவர் சார் சொல்லியிருக்கிறார். தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். தாத்தா பெயர், குடியாத்தம், கோலார் தங்கவயல், நிலத்தடித் தொழிலாளி. வில்லையில் என்ன எண் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதனால் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

டீ வந்துவிட்டது.